முதல் பரிசுக்குத் தகுதியான கதை இல்லை

போன மாதம் சுங்கைப்பட்டாணியில் உங்களைப் போல எழுத வந்தவர்களுக்காக நடந்த சிறுகதைப் பட்டறையில் கடைசியாகப் பேசியவள் நான். பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். நீங்கள் கேட்டவை எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. “யார்கிட்ட அணிந்துரை வாங்கினா நல்லா இருக்கும் அக்கா?” “வெளியீட்டுக்கு டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுசர் யாரையாச்சும் பிடிச்சுக் குடுக்க முடியுமா?” “போட்டிக்கு எந்த மாதிரி கதை அனுப்புனா ஜெயிக்கலாம்?” ஒரு தம்பி மட்டும் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்: “முகநூல்ல போட்டா யாரும் படிக்க மாட்டேங்கிறாங்க, படம் போட்டாத்தான் லைக் வருது. என்னா பண்றது?”

ஒரு கேள்விகூடக் கதையைப் பற்றியதில்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பதில் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, கோபப்பட வேண்டியது உங்கள்மேல் இல்லை என்று தோன்றியது. பொன்னாடைதான் அங்கீகாரம் என்று உங்களுக்குக் காட்டிக் கொடுத்தது யார்? எழுத்தாளருக்கு இரண்டு நிமிடமும் பிரமுகருக்கு முக்கால் மணி நேரமும் ஒதுக்கும் நிகழ்ச்சிகளைத்தான் நீங்கள் சிறு வயதிலிருந்து பார்க்கிறீர்கள். அட்டையில் எழுத்தாளர் பெயர் சிறியதாகவும், உள்ளே வாழ்த்துச் சொன்னவர்களின் படங்கள் பக்கத்துக்கு ஒன்றாகவும் வரும் புத்தகங்களைத்தான் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படிக் கேட்பீர்கள்?

நான் ஒரு நாளிதழில் ஞாயிறு பக்கங்களைப் பல வருடம் பார்த்துக்கொண்டவள். வேலை கோலாலம்பூரில், வீடு சுங்கைப்பட்டாணியில். வியாழன் இரவுக்குள் பக்கங்களை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடுவேன். அந்த வேலையில் எத்தனையோ கதைகள் கைக்கு வந்தன. அன்று நீங்கள் கேட்டதற்கு ஒரே ஒரு கதையைப் பற்றிச் சொல்கிறேன். அதை எழுதியவர் பெயர் ஜெசிந்தா.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், கெடா மாநிலத்தில் ஒரு சங்கம் சிறுகதைப் போட்டி வைத்தது. சங்கத்தின் பெயர் வேண்டாம். நடுவர்கள் மூன்று பேர். நான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கல்லூரி விரிவுரையாளர் ஒருவர். கதைகளில் எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நாங்கள் தனித்தனியாகப் படித்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்தோம். விவாதமே நடக்கவில்லை. மூவரும் ஒரே கதையை மேசையில் வைத்தோம்.

தலைப்பு ‘விழுந்துட்டேன்’. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் காலையில் வீங்கிய முகத்தோடு வேலைக்கு வருகிறாள். முந்தின நாள் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய் விழுந்துவிட்டதாகச் சொல்கிறாள். உடன் வேலை செய்யும் பெண்களுக்கு உண்மை தெரியும். ஆனாலும் மேற்பார்வையாளர் கேட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொருத்தியும் அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்கிறாள். ஒருத்தி தார்ச் சடக்கில் மணல் கிடந்தது என்கிறாள். இன்னொருத்தி நாய் குறுக்கே வந்தது என்கிறாள். மத்தியானத்துக்குள் பொய் முழுசாகிவிடுகிறது. சாயங்காலம் வேனில் போகும்போது, அடிபட்டவளே அந்த நாய் எப்படிப் பாய்ந்தது என்று எல்லாருக்கும் விவரிக்கிறாள். அவர்கள் தலையாட்டிக் கேட்கிறார்கள். வேன் அவள் வீட்டு வாசலில் நிற்கிறது. அவள் இறங்குகிறாள். கதை முடிந்தது.

கணவன் கதையில் நேரில் வரவே இல்லை. கோயில் கமிட்டிக் கூட்டம் முடிந்து அவன் வந்திருப்பான் என்று அவள் ஒரு இடத்தில் நினைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் வினையாகிவிட்டது.

முடிவைச் சொல்லச் சங்கத்துத் தலைவரைப் பார்க்கப் போனோம். கடை வீட்டு மாடியில் சங்கத்தின் அறை. அவர் கதையை அங்கேயே படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

“இது என்னா சிஸ்டர்? கோயில் கமிட்டிக்காரன் பொண்டாட்டிய அடிக்கிறானா? நானே கோயில் கமிட்டியில இருக்கேன்.”

“உங்களப் பத்தி எழுதலையே.”

“படிக்கிறவன் அப்படித்தான் நினைப்பான். நம்ம ஆளுங்கள நாமளே அசிங்கப்படுத்தலாமா? மத்த இனத்துக்காரன் பாத்தா என்னா சொல்லுவான்?”

அந்தக் கேள்வியை நான் எத்தனை மேடையில் காதால் கேட்டிருக்கிறேன் தெரியுமா? நம்மைப் பற்றி எழுதினால் மற்றவன் என்ன சொல்வான்! அடிபட்டவள் என்ன சொல்வாள் என்று ஒரு நாளும் யாரும் கேட்பதில்லை. அதையே அவரிடமும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. முடிவை மட்டும் மாற்றச் சொல்லலாம் என்றார். வேனில் இருந்து இறங்கும்போது கணவன் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். “திருந்துறான்னு காட்டுனா சமுதாயத்துக்கு ஒரு நல்ல மெசேஜ்.”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் சண்டை பிடிக்காதவர். “கேட்டுப் பாக்கலாமே, எழுதுனவங்க ஒத்துக்கிட்டா...” என்று இழுத்தார். விரிவுரையாளர் தரையைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். போட்டிக்கு வந்த கதையைப் போட்டி முடிந்த பிறகு திருத்த முடியாது, இதே கதைக்குப் பரிசு கொடுங்கள், இல்லையென்றால் நடுவர் பட்டியலில் என் பெயரைப் போடாதீர்கள் என்றேன்.

“அப்படின்னா முதல் பரிசுக்குத் தகுதியான கதை இல்லன்னு அறிவிச்சுட்டுப் போறோம்” என்றார் தலைவர். சர்வசாதாரணமாகச் சொன்னார், காலையில் பசியாற என்ன வேண்டும் என்று சொல்வதுபோல.

அன்றுதான் உறையைப் பிரித்து எழுதியவர் யாரென்று பார்த்தார்கள். ஜெசிந்தா, ஊர் திகாம் பத்து. அதற்கு முன் நாங்கள் யாரும் கேள்விப்படாத பெயர்.

அடுத்த சனிக்கிழமை நான் திகாம் பத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் கோபம் என்னுடையது, கதை அவளுடையது. அவளைக் கேட்காமல் நான் எதுவும் செய்யக் கூடாது. பத்திரிகையில் இருப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுவார்கள். எழுத்தாளருக்காகச் சண்டை போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு தங்களுக்காகப் போடுவார்கள்.

மலிவு விலை வீட்டு வரிசையில் ஓரத்து வீடு. உள்ளே மாதா படமும் பிள்ளைகளின் பள்ளிப் படங்களும் மாட்டியிருந்தன. ஜெசிந்தாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்தவள். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கணவர் சேவியர் லோரி ஓட்டுகிறார். நான் போனபோது அவர்தான் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் ஏற்கெனவே அவளுக்குப் போன் செய்துவிட்டிருந்தார். முடிவை மாற்றினால் முதல் பரிசு, மாற்றாவிட்டால் ஆறுதல் பரிசு, அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றும் இல்லை என்று சொன்னாராம்.

“நீ என்னம்மா சொன்ன?”

“மாட்டேன்னுட்டேன் அக்கா. அவன் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டான்னு எழுதினா, மறுநாள் வேன்ல பக்கத்துல உக்கார்றவ என்னைப் பாத்துச் சிரிப்பா. அவளுக்கு என்னா நடக்குதுன்னு தெரியும்லா.”

சேவியர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “அக்கா, ஒன்னு சொல்றேன். இந்தக் கதை வெளிய வந்தா ஊரே என்னைத்தான் பாக்கும். நான்தான் அடிக்கிறேன்னு நினைப்பாங்க. நான் அடிக்கலன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? பாசார்ல நின்னு கத்தவா முடியும்?”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். இதை அவர்கள் இருவரும் பலமுறை பேசி முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

“அப்ப வேணாங்கிறீங்களா?” என்று அவரிடம் கேட்டேன்.

“நான் அப்படியா சொன்னேன்? எனக்குக் கஷ்டமா இருக்குன்னு சொன்னேன். கதையில யாரும் கை வைக்க வேணாம். அவ அதை எழுத எத்தனை நாள் சோறு தீஞ்சுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவர் மீனைத் திருப்பப் போனார்.

நான் ஜெசிந்தாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். பரிசா, சண்டையா, அல்லது விட்டுவிடலாமா?

“பரிசு வேணாம் அக்கா. கதை பிடிக்கலன்னு சொல்லட்டும், பரவால்ல. பயமா இருக்குன்னு சொல்லட்டும், அதுவும் பரவால்ல. தகுதி இல்லன்னு மட்டும் சொல்லக் கூடாது. அது பொய்.”

பரிசளிப்பு விழாவும் ஒரு சனிக்கிழமைதான். சிறப்பு விருந்தினர் வழக்கம்போலத் தாமதம். அவர் வரும்வரை குழந்தைகள் நடன உடையோடு வியர்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வந்ததும் மாலை, பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரைக்கு முன்னால் இன்னொரு வாழ்த்துரை. நான் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தா காலை வேலை முடித்து நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சேவியர்.

கடைசியில் தலைவர் ஒலிவாங்கிக்கு வந்தார். “இந்த வருடம் முதல் பரிசுக்குத் தகுதியான கதை இல்லை என்று நடுவர்கள் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறார்கள்” என்றார். எங்கள் மூவர் பெயரையும் வாசித்தார்.

பெயரைப் போடாதீர்கள் என்று நான் கேட்டதைச் செய்யாதது ஒரு பக்கம். நான் சொல்லாததை என் வாயில் வைத்துச் சொல்வது இன்னொரு பக்கம். எழுந்து நின்றேன்.

“அது உண்மை இல்லைங்க. நாங்க மூணு பேரும் ஒரே கதையைத்தான் தேர்ந்தெடுத்தோம். அந்தக் கதைக்குப் பேரு ‘விழுந்துட்டேன்’. எழுதுனவங்க இந்த மண்டபத்துல இருக்காங்க.”

என் கையில் ஒலிவாங்கி இல்லை. ஆனால் நானும் தோட்டத்தில் வளர்ந்தவள், குரலுக்கா பஞ்சம்? கடைசி வரிசைவரை கேட்டது. தலைவர் மேடையிலிருந்து யாருக்கோ கை காட்டினார். உடனே நடனத்துக்கான இசையைச் சத்தமாகப் போட்டுவிட்டார்கள். பாவம், அந்தக் குழந்தைகள் எதுவும் புரியாமல் ஓடி வந்து ஆடத் தொடங்கினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். முன்வரிசையில் தலைமையாசிரியர் எழுந்தார். அவர் பேசவில்லை, பேசினாலும் கேட்டிருக்காது. என் பக்கம் திரும்பி, நடனம் முடியும்வரை நின்றார். சண்டை பிடிக்காத அந்த மனிதர் நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் வேலைக்கான சோதனை. கதையை ஞாயிறு பக்கத்தில் போடுவதற்கு ஜெசிந்தா சம்மதம் கொடுத்தாள். சேவியரும் தலையாட்டினார். ‘பரிசு மறுக்கப்பட்ட கதை’ என்று பெரிய எழுத்தில் தலைப்புக் கட்டச் சொன்னார்கள் அலுவலகத்தில் சிலர். அப்படிப் போட்டால் பத்திரிகை பறந்துவிடும் என்றார்கள். பறந்திருக்கும், உண்மைதான். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அப்படிப் போட்டால் படிப்பவர்கள் கதையில் சங்கத் தலைவரைத்தான் தேடுவார்கள். வேனில் இருக்கும் அந்தப் பெண்களை யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் தலைப்பு, ஜெசிந்தாவின் பெயர், கதை. வேறு ஒரு சொல் கிடையாது என்று முடிவு செய்தேன். என் சண்டையைக் கதையின் தலையில் ஏற்றக் கூடாது.

விஷயம் எப்படியோ தலைவருக்கு எட்டிவிட்டது. அவர் எங்கள் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தார். போட்டிக்கு வரும் கதைகள் எல்லாம் சங்கத்துக்கே சொந்தம் என்று விதி இருக்கிறதாம். போட்டால் வழக்குப் போடுவாராம், அவர் கொடுக்கும் விளம்பரமும் இனிக் கிடையாதாம். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “பார்த்தும்மா, விதின்னு ஒன்னு இருந்தா நாம மாட்டிக்குவோம்” என்றார்.

நான் அவர் முன்னாலேயே ஜெசிந்தாவைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வந்தது.

“தகுதி இல்லாத கதைன்னு மேடையில சொன்னாங்கல்ல அக்கா? தகுதி இல்லாதத வச்சுக்கிட்டு அவங்க என்னா பண்ணப் போறாங்க? பரிசே குடுக்கல, கதை மட்டும் எப்படி அவங்களுதாச்சு?”

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “இதையே அவர்கிட்ட சொல்லிடறேன்” என்றார். சொன்னாரா, எப்படிச் சொன்னார் என்று தெரியாது. கதை அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கு எதுவும் வரவில்லை. விளம்பரம் நின்றது, சில மாதங்களில் அதுவும் திரும்பி வந்துவிட்டது.

கதை வந்ததும் ஜெசிந்தாவுக்குப் புகழ் கொட்டியது என்று நினைக்காதீர்கள். சேவியர் பயந்ததுதான் முதலில் நடந்தது. பாசாரில் ஒரு பெண் அவர் முகத்துக்கு நேராகவே, “பொண்டாட்டிய ஒழுங்கா வச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாராம், ஆனால் அன்று சாப்பிடவில்லையாம். கோயில் கமிட்டிக்காரர்கள் சிலர் அவள் கிறிஸ்துவச்சி என்பதைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே எழுதினாள் என்றார்கள். அவள் மாதா கோயிலிலும் ஒருவர் வந்து, நல்லதை எழுதக் கூடாதா என்று கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே பாட்டுத்தான்!

ஆனால் வேனில் வரும் பெண்கள் அந்தப் பக்கத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். அதே வேனில் வரும் மலாய்க்காரப் பெண் ஒருத்தி, “என்ன அது, எனக்கும் சொல்லு” என்று நச்சரித்தாள். ஜெசிந்தா வாயால் சொன்னாள். அவள் எழுத்தில் வேண்டும் என்றாள். பாலிங்கில் எனக்குத் தெரிந்த இடைநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் மலாய் மொழிக்கு மாற்றிக் கொடுத்தார். அது ஒரு மலாய் இதழில் வந்தது, பிறகு ஒரு தொகுப்பில் சேர்ந்தது. எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படித்தார்கள். ஜெசிந்தா அடுத்த கதையை எழுதினாள், அதற்கடுத்ததையும் எழுதினாள். அவள் பெயரைச் சொன்னால் தெரிகிற நிலை வந்தது. மற்ற இனத்துக்காரன் பார்த்தால் என்ன சொல்வான் என்று கேட்டாரே, அவர்களும் பார்த்தார்கள். எங்கள் வேனிலும் இப்படி ஒருத்தி உண்டு என்றுதான் சொன்னார்கள்.

இப்போதுதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய அசிங்கம் வருகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சங்கம் ஆண்டு நிறைவு விழா எடுத்தது. அதே தலைவர். ‘சங்கம் கண்டெடுத்த எழுத்தாளர்கள்’ என்று சிலரைக் கௌரவிக்கப் போவதாக அறிவித்தார்கள். அழைப்பிதழில் ஜெசிந்தாவின் படமும் இருந்தது, அவளைக் கேட்காமலேயே! அவள் தலைவருக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

“நாங்கதானம்மா ஒன்ன மொதல்ல அடையாளம் கண்டது” என்றார் அவர். குரலில் ஒரு கூச்சம்கூட இல்லை.

“அப்படின்னா சந்தோசம் ஐயா. அன்னிக்கு மேடையில தகுதி இல்லன்னு சொன்னீங்க. இந்த மேடையில, அது தப்புன்னு ஒரு வரி சொல்லுங்க. நான் வர்றேன்.”

“பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறுற? தங்கப் பதக்கம் போடறோம்லா.”

“பதக்கம் வேணாம் ஐயா, வரிதான் வேணும்.”

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுபடி கூப்பிடவே இல்லை. விழா நடந்தது. அவள் படத்தைத் திரையில் காட்டிக் கைதட்டினார்களாம். ஆள் வராததற்கு உடல்நலக் குறைவு என்று காரணம் சொன்னார்களாம். இதைக் கேட்டதும் எனக்குப் பழையபடி உடம்பு பற்றி எரிந்தது. ஒரு வரி! அதைச் சொன்னால் தலை கழன்று விழுந்துவிடுமா? எழுத்தாளரின் படத்தை எடுத்துக்கொள்வார்கள், பெயரை எடுத்துக்கொள்வார்கள், அவர் கேட்கும் ஒரு வரியைக் கொடுக்கமாட்டார்கள். இவர்கள் போர்த்தும் துணிக்காகவா நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள்?

அந்த விழா நடந்த அதே நாளில் ஜெசிந்தா எங்கே இருந்தாள் தெரியுமா? பாலிங்கில், மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சிறு மண்டபத்தில். கதையை மலாய்க்கு மாற்றிய அந்த ஆசிரியை நடத்தும் வாசகர் கூட்டம். நானும் சேவியரும் போயிருந்தோம், அவர்தான் காடி ஓட்டினார். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, ஒரு தட்டில் பிசாங் என்கிற வறுத்த வாழைப்பழம். வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஜெசிந்தா இன்னும் அச்சுக்குக் கொடுக்காத புதிய கதையை வாசித்தாள். வேலை போன கணவனும் அவன் மனைவியும் பற்றிய கதை. முடிவில் மனைவி அவனிடம் நீளமாக, நியாயமாகப் பேசுகிறாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பழைய வேலையில் இருந்திருந்தால் அப்படியே பக்கத்தில் போட்டிருப்பேன்.

வாசித்து முடித்ததும் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறவளாம்.

“கதை நல்லா இருக்கு. ஆனா கடைசியில அவ அப்படிப் பேச மாட்டா.”

“ஏன் அக்கா?” என்றாள் ஜெசிந்தா.

“எங்க வீட்டுல ஒரு வருசம் அப்படித்தான் ஓடுச்சு. எனக்குப் பேச அவ்ளோ இருந்துச்சு. ஒரு நாளும் பேசல. பேசினா அந்த மனுசன் ஒடஞ்சிருப்பாரு. நீங்க எழுதுனது, நான் பேச நினைச்சது. நான் பண்ணது அது இல்ல.”

ஜெசிந்தா கதையின் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். வேறு சிலரும் பேசினார்கள், அவள் யாரையும் சரியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. திரும்பும்போது காடியில் பின்னால் உட்கார்ந்து ரப்பர் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். சேவியரும் வானொலியைப் போடவில்லை.

குப்பாங் ஊரைத் தாண்டியதும் அவளே வாயைத் திறந்தாள்.

“அந்தக்கா சொன்னது சரி. முடிவ மாத்தணும்.”

சேவியர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “அன்னிக்குத் தங்கத்தட்டுல வச்சுக் குடுக்கறேன்னாங்க, ஒரு எழுத்து மாத்த மாட்டேன்னு நின்ன. இன்னிக்கு ஒரு அக்கா கை தூக்குனதும் மாத்துறியா?”

“அந்தத் தலைவரு கதையப் படிக்கலங்க, அதுல தன்னைத்தான் தேடுனாரு. இந்தக்கா கதையக் கேட்டாங்க” என்றாள் ஜெசிந்தா.